ஐசியூ நோயாளிக்கு டெலிரியமா? படுக்கை அருகே நின்று செய்ய வேண்டியவை, படிப்படியாக

ஐசியூவுக்குப் புதிதாக வரும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் ட்யூட்டி டாக்டர்களுக்கும் இதை எழுதுகிறேன். டெலிரியம் என்பது மூளை திடீரென்று தடுமாறுவது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்துவிடும். காலையில் தெளிவு, சாயங்காலம் குழப்பம் என்று ஏறி இறங்கும். கவனம் ஓரிடத்தில் நிற்காது. வீடுகளில் "ஜன்னி கண்டிருச்சு", "என்னமோ உளறுறாரு" என்று சொல்வது பல சமயம் இதைத்தான்.

புதியவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒன்று, கத்துகிற நோயாளியை மட்டும் தேடுகிறார்கள். இரண்டு, காரணத்தைத் தேடுவதற்கு முன்னால் ஊசியைத் தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசை இந்த இரண்டையும் தவிர்க்கத்தான். வரிசையை மாற்றாதீர்கள்.

1. சோதனைக்கு முன்: இவர் முன்பு எப்படி இருந்தார்?

அட்மிஷன் அன்றே வீட்டாரைக் கேளுங்கள். மறதி ஏற்கெனவே இருந்ததா? பேப்பர் படிப்பாரா, கடைக்குப் போய் மீதிச் சில்லறை சரியாக வாங்கி வருவாரா? மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. டெலிரியம் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம். நேற்று எப்படி இருந்தார் என்று தெரியாமல் அந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது.

கண்ணாடி, காது மெஷின், பல் செட் இருக்கிறதா என்று கேட்டு, வீட்டில் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். தொலைந்துவிடும் என்று அட்மிஷனிலேயே எல்லாவற்றையும் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். பிறகு காது கேட்காதவரிடம் கேள்வி கேட்டு, பதில் வரவில்லை என்று எழுதுகிறோம்.

குடி, புகையிலை, தூக்க மாத்திரை பற்றி வீட்டாரில் ஒருவரைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். கூட்டத்தில் "அப்படியெல்லாம் இல்லைங்க" என்றுதான் பதில் வரும். "கடைசியா எப்ப குடிச்சாரு? எந்தக் கிழமை, எத்தனை மணி?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டால் சொல்வார்கள். அந்த நேரத்தை கேஸ் ஷீட்டில் எழுதி வையுங்கள். 7-ஆம் படியில் அது தேவைப்படும்.

அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரெக்கார்டில் உள்ள பெயருக்குத் திரும்பாதவர் வீட்டுப் பெயருக்குத் திரும்புவார்.

2. முதலில் விழிப்பு நிலை

காம்-ஐசியூ என்பது டெலிரியத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை. அதற்கு முன், விழிப்பையும் கொந்தளிப்பையும் எண்ணால் குறிக்கும் ராஸ் அளவுகோலைப் பாருங்கள். +4 என்றால் அடிக்க வருகிற அளவு கொந்தளிப்பு. 0 என்றால் அமைதியான விழிப்பு. -5 என்றால் கிள்ளினாலும் அசைவில்லை.

அருகில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண் திறந்து 10 விநாடிக்கு மேல் உங்களைப் பார்த்தால் -1. பார்த்துவிட்டு 10 விநாடிக்குள் கண் சொருகினால் -2. குரலுக்கு அசைகிறார், ஆனால் முகம் பார்க்கவில்லை என்றால் -3. குரலுக்கு எதுவுமில்லை, தட்டி உலுக்கினால்தான் அசைகிறார் என்றால் -4.

-4, -5 என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த நிலையில் டெலிரியம் உண்டு, இல்லை என்று சொல்லவே முடியாது. "மதிப்பிட இயலவில்லை" என்று எழுதிவிட்டு, பிறகு திரும்பி வாருங்கள். "நெகட்டிவ்" என்று எழுதுவது தவறு, அடுத்த ஷிஃப்ட் அதை நம்பிவிடும். -3-ஓ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். டியூப் போட்டு வெண்டிலேட்டரில் இருப்பவருக்கும் இது பொருந்தும். பேச வேண்டியதில்லை, கையும் தலையசைப்பும் போதும்.

3. காம்-ஐசியூ: இரண்டு நிமிட வேலை

இதில் நான்கு அம்சங்கள். முதல் இரண்டும் இருக்க வேண்டும், அவற்றோடு மூன்றாவதோ நான்காவதோ ஒன்று சேர்ந்தால் டெலிரியம்.

முதல் அம்சம்: முன்பிருந்த நிலையிலிருந்து திடீர் மாற்றம், அல்லது கடந்த 24 மணி நேரத்தில் ஏற்ற இறக்கம். ஐசியூ சார்ட்டில் ராஸ் எண்களைப் பாருங்கள். காலை 0, மதியம் -2, இரவு +1 என்று இருந்தால் அது ஏற்ற இறக்கம்தான்.

இரண்டாவது அம்சம்: கவனம். இதுதான் சோதனையின் உயிர். ஆங்கில எழுத்துகளை வைத்துச் செய்வது மூல முறை. எழுத்துப் பழக்கம் இல்லாதவர்களிடம் எண்களை வைத்துச் செய்யலாம். நான் சொல்வது இப்படி: "ஐயா, நான் வரிசையா எண் சொல்றேன். 'ஒண்ணு'ன்னு சொல்லும்போது மட்டும் என் கையை அமுக்குங்க. மத்த எண்ணுக்கு அமுக்க வேண்டாம்." பிறகு 8, 1, 7, 5, 1, 4, 1, 1, 3, 6 என்று மூன்று விநாடிக்கு ஒன்றாக, ஒரே குரலில் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு அமுக்காவிட்டாலும் பிழை, வேறு எண்ணுக்கு அமுக்கினாலும் பிழை. இரண்டுக்கு மேல் பிழை வந்தால் கவனம் இல்லை என்று பொருள்.

தவறு நடப்பது பெரும்பாலும் சொல்லும் விதத்தில். சிலர் கடகடவென்று சொல்லிவிடுகிறார்கள். சிலர் 'ஒண்ணு' வரும்போது குரலை உயர்த்துகிறார்கள், அல்லது தங்களை அறியாமல் நோயாளியின் கையை லேசாக அழுத்திவிடுகிறார்கள். பாவம், பாஸ் ஆகட்டும் என்ற எண்ணம். அந்த இரக்கத்தால் ஒரு நோயைத் தவறவிடுகிறோம். தொடங்கும் முன் "அமுக்குங்க, விடுங்க" என்று இரண்டையும் செய்யச் சொல்லிப் பாருங்கள். விடச் சொன்னதும் விட்டால்தான், உள்ளங்கையில் எதைத் தொட்டாலும் தானாகப் பிடிக்கும் அனிச்சைப் பிடி அது இல்லை என்று உறுதியாகும். கையில் பலமில்லை என்றால் கண் சிமிட்டச் சொல்லலாம்.

மூன்றாவது அம்சம்: இப்போதைய ராஸ் 0 அல்லாத எதுவாக இருந்தாலும் உண்டு என்று கொள்க. முதல் மூன்றும் இருந்தால் சோதனை முடிந்தது, டெலிரியம்.

ராஸ் 0 என்றால் மட்டும் நான்காவது அம்சம், சிந்தனைக் கோர்வை. "கல்லு தண்ணியில மிதக்குமா? கடல்ல மீன் இருக்குமா? ரெண்டு கிலோவை விட ஒரு கிலோ கனமா? சுத்தியலால ஆணி அடிக்கலாமா?" என்ற நான்கு கேள்விகள். அப்புறம் இரண்டு விரலைக் காட்டி, "இதே மாதிரி காட்டுங்க", "இப்ப இன்னொரு கையில காட்டுங்க". இரண்டாவது முறை நீங்கள் விரலைக் காட்டக் கூடாது. மொத்தத்தில் ஒன்றுக்கு மேல் பிழை வந்தால் உண்டு. அடுத்த முறை கேள்விகளை மாற்றுங்கள்: இலை மிதக்குமா, கடலில் யானை இருக்குமா என்று. அதே கேள்வி என்றால் மனப்பாடமாகிவிடும்.

இன்னொன்று. "பேர் சொல்றாரு, ஊர் சொல்றாரு, நல்லாத்தான் இருக்காரு" என்று முடிவு கட்டாதீர்கள். பெயரும் ஊரும் கடைசி வரை நிற்கும். கவனம்தான் முதலில் போகும்.

ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது செய்யுங்கள், நிலை மாறியதாகத் தோன்றினால் உடனே செய்யுங்கள். மயக்க மருந்து ஓடும்போது பாசிட்டிவ் வந்தால் அதையும் பதிவு செய்துவிட்டு, காலையில் மருந்தை நிறுத்தி அவர் விழித்ததும் மறுபடி பாருங்கள்.

4. அமைதியாகக் கிடப்பவரைத் தேடிப் போங்கள்

டியூபைப் பிடுங்குகிறவரை யாரும் தவறவிட மாட்டார்கள். சத்தமில்லாத டெலிரியம்தான் தப்பிப் போவது. அவர் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. சார்ட்டில் "ஒத்துழைக்கிறார், நன்றாகத் தூங்குகிறார்" என்று இருக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஐசியூவில் பீடிப் பழக்கத்தால் நுரையீரல் கெட்ட ஒரு பெரியவர் இருந்தார். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், மானிட்டரில் 98. மூன்று ஷிஃப்ட் தொடர்ந்து "தூங்குகிறார்" என்றே எழுதியிருந்தோம், அதில் ஒரு ஷிஃப்ட் என்னுடையது. பார்வை நேரத்தில் வந்த மகள் சொன்னார்: "சிஸ்டர், அப்பா என்னையப் பாக்குறாரு. ஆனா என்னையப் பாக்கல." அதன் பிறகுதான் எண் சோதனை செய்தேன். நான்கு ஒன்றில் ஒன்றுக்குக்கூடக் கை அசையவில்லை. ஏபிஜி (ரத்த வாயுப் பரிசோதனை) எடுத்தால் கார்பன் டை ஆக்சைடு 80-ஐத் தாண்டியிருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 வரை இருந்தால் போதும், 98 வரை ஏற்றியதே அவருக்குக் கெடுதலாகியிருந்தது. பைபாப் (மாஸ்க் வழியாக மூச்சுக்கு அழுத்தம் கொடுக்கும் மெஷின்) வைத்த மறுநாள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்த மகள் சொன்ன மாதிரி வாக்கியங்கள் காதில் விழுந்தால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுப் போய்ச் சோதியுங்கள். கை போர்வை நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாலும் அப்படியே. பூக்கட்டிப் பிழைத்த ஓர் அம்மா, ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், காற்றில் பூக்கட்டிக்கொண்டிருந்தார். இடது கை விரல்களில் இல்லாத நாரைச் சுற்றி, வலது கையால் இல்லாத பூவை எடுத்து வைத்து, முடிச்சுப் போட்டு இழுத்தார். முகத்தில் எந்தக் கலக்கமும் இல்லை. பக்கத்தில் இருந்த புதிய சிஸ்டர் "பாட்டி ஜாலியா இருக்காங்க" என்றார். சோதித்தால் பாசிட்டிவ்.

5. பாசிட்டிவ் வந்ததும் முதல் பத்து நிமிடம்

இப்போது ஊசி வேண்டாம். சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்தாகும் காரணங்களை முதலில் பாருங்கள்: ஆக்சிஜன், பிரஷர், குளுக்கோமீட்டரில் சர்க்கரை. சர்க்கரை குறைந்து முரண்டு பிடிப்பவருக்கு மயக்க ஊசி போட்டால் மூளை போய்விடும். அப்புறம் ஏபிஜி, காய்ச்சல், பல்ஸ். கை கால் ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறதா, வாய் கோணியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே டாக்டரைக் கூப்பிட்டு சிடி ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கண் இமையோ வாயோரமோ துடித்தால், வெளியே தெரியாத வலிப்பை நினைத்து இஇஜி (மூளையின் மின் அலைப் பதிவு) பற்றிக் கேளுங்கள்.

அடுத்து, போர்வையை விலக்கி உடம்பைப் பாருங்கள். அடிவயிறு உப்பியிருக்கிறதா? யூரின் டியூப் மடங்கி அடைத்திருந்தால், வாய் பேச முடியாதவர் அதைச் சொல்ல ஒரே வழி துள்ளுவதுதான். மலம் போய் எத்தனை நாள்? வலி இருக்கிறதா? சென்ட்ரல் லைன் போட்ட இடம் சிவந்திருக்கிறதா? சளி மாறியிருக்கிறதா? வயதானவர்களுக்கு நோய்த்தொற்று காய்ச்சலுக்கு முன் குழப்பமாக வருவது சாதாரணம். பூக்கட்டிய அம்மாவுக்கு நெற்றி சுடவில்லை. மறுநாள்தான் காய்ச்சல் வந்தது, புண்ணில் சீழ் வைத்திருந்தது.

பிறகு ரத்தப் பரிசோதனைகள்: சோடியம், பொட்டாசியம், கால்சியம், யூரியா, கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனைகள். ஒரு காரணம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள். ஐசியூவில் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருப்பதுதான் வழக்கம்.

6. மருந்துச் சார்ட்டை மேலிருந்து கீழ் வரை படியுங்கள்

காரணம் பல நேரம் நாமே கொடுத்த மருந்தாக இருக்கும். மிடாசோலம், லோராசெபாம் ஆகிய மயக்க மருந்துகள்தான் முதல் சந்தேகம். அரிப்புக்கு என்று போட்ட அவில், தூங்கட்டும் என்று கொடுத்த ஃபெனர்கான் இரண்டும் வயதானவர்களைக் குழப்பும். டிரமடால், ஸ்டீராய்டு, கிட்னி பழுதானவருக்கு அளவு குறைக்காமல் போகும் செஃபெபைம் என்ற ஆன்டிபயாடிக் ஆகியவற்றையும் பாருங்கள்.

நம் ஊர் ஐசியூக்களில் தனியாகச் சொல்ல வேண்டியது அட்ரோபின். பூச்சிமருந்து விஷத்துக்கு அட்ரோபின் ஓடிக்கொண்டிருக்கும்போது நோயாளி கொந்தளித்தால், "விஷம் ஏறுது" என்று மருந்தை ஏற்றிவிடும் தவறு நடக்கிறது. குழப்பத்தோடு உடம்பு சுட்டு, குடல் சத்தம் அடங்கி, யூரின் கட்டியிருந்தால் அட்ரோபின் அதிகமாகிவிட்டது என்று பொருள். டாக்டரிடம் சொல்லி நிறுத்தி, தணிந்த பின் குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும். மாறாக நெஞ்சில் சளிச் சத்தம், கண்மணி ஊசிமுனை போல, வியர்வை என்றால் அட்ரோபின் போதவில்லை. ஆகவே ஸ்டெத்தை நெஞ்சில் வைக்கிற ஒவ்வொரு முறையும் வயிற்றிலும் வையுங்கள், அக்குளையும் தொட்டுப் பாருங்கள்.

7. குடி நிறுத்தியவர்: இவருக்கு வழி வேறு

கடைசியாகக் குடித்து முதல் நாளில் கை நடுக்கம், வியர்வை. 48 முதல் 96 மணி நேரத்துக்குள் பெரிய டெலிரியம். விபத்திலோ கணைய அழற்சியிலோ வந்து மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று சொல்பவருக்கு, முதல் படியில் எழுதி வைத்த நேரத்தைப் பாருங்கள். மற்ற டெலிரியத்தில் தவிர்க்கும் லோராசெபாம் வகைதான் இங்கே சிகிச்சை. குளுக்கோஸுக்கு முன் தயமின் (வைட்டமின் பி1) போக வேண்டும். சர்க்கரை அபாயமாகக் குறைந்திருந்தால் தயமினுக்காகக் காத்திருக்காமல் இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம்.

பல வருடம் தூக்க மாத்திரை போட்டுவந்து, அட்மிஷனில் சட்டென்று நின்று போனவருக்கும் இதே கதைதான்.

8. மருந்தில்லாத சிகிச்சை: இதுதான் பெரிய பங்கு

பகலில் விழிக்க வையுங்கள். ஜன்னல் திரையை விலக்குங்கள். கண்ணாடி, காது மெஷினை மாட்டுங்கள். படுத்தபடியே தெரிகிற இடத்தில் கடிகாரமும், தமிழ் எழுத்து பெரிதாக இருக்கும் தினசரி காலண்டரும் வேண்டும். ஒவ்வொரு முறை தொடும் முன்பும் சொல்லுங்கள்: "அம்மா, நான் சிஸ்டர். நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஊசி போடப் போறேன், சின்னதா வலிக்கும்." சொல்லாமல் கையைப் பிடித்தால், குழம்பியவர் மனதில் அது தாக்குதல்.

உட்கார வையுங்கள். வெண்டிலேட்டரில் இருப்பவரையும் பிசியோதெரபிஸ்ட் துணையோடு கட்டில் ஓரத்தில் உட்கார வைக்கலாம். 2009-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், ஆரம்பத்திலேயே உடற்பயிற்சி தொடங்கியவர்களின் டெலிரியம் இடைநிலையாக 2 நாள், மற்றவர்களுக்கு 4 நாள். எந்த ஊசியும் தராத வித்தியாசம் இது.

இரவில் தூங்க விடுங்கள். விடியற்காலை 3 மணிக்கு ஸ்பான்ஞ் பாத் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது, காலை ஷிஃப்டுக்கு நோயாளி சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். நிலை தாங்கும் என்றால் 11 முதல் 4 வரை விளக்கைத் தணித்து, பிரஷர் பார்ப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, சக்ஷன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடியுங்கள். நர்சிங் ஸ்டேஷன் பேச்சையும் குறைக்க வேண்டும். நோயாளி அறையில் இரவுச் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் அலாரம் ஒன்றே அதைப் பல மடங்கு தாண்டும்.

வீட்டாரை உள்ளே விடுங்கள். காலையும் மாலையும் ஒருவர், 20 நிமிடம். என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்: பேரன் பள்ளிக்கூடம் போனது, மாடு கன்று போட்டது. "செத்துப் போன அண்ணன் வந்து நிக்கிறான்" என்று அவர் சொன்னால் வாதாட வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். "நான் பக்கத்துல இருக்கேன், பயப்படாதீங்க" என்றால் போதும். காத்து கருப்பு என்று வீட்டார் பயந்தால் காரணத்தைப் பொறுமையாக விளக்குங்கள். நெற்றியில் திருநீறு பூச வேண்டும் என்றால் பூசட்டும், டியூபில் தூள் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

9. கட்டிப்போடும் முன்

கை கட்டுவது கொந்தளிப்பைக் கூட்டும். முதலில் தேவையில்லாத டியூப்களை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இல்லாத டியூபைப் பிடுங்க முடியாது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபைக் கண்ணுக்குத் தெரியாத பக்கமாக ஒட்டுங்கள், ஐவி லைனைப் பேண்டேஜால் மூடுங்கள், கைக்கு மிட்டன் போடுங்கள். அதற்கும் மேல் கட்டியே ஆக வேண்டும் என்றால் டாக்டர் ஆர்டரோடு, வீட்டாரிடம் சொல்லி, குறைந்த நேரத்துக்கு மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து விரல் நிறமும் சூடும் பாருங்கள். கட்டிய கையோடு கிடக்கும் தகப்பனைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மகன் பார்க்க நேர்ந்தால், அதற்குப் பிறகு அவர் நம்மை நம்ப மாட்டார்.

10. மருந்து எப்போது

கொந்தளிப்பை அடக்கப் போடும் ஹாலோபெரிடால் டெலிரியத்தைக் குணப்படுத்தாது. 2018-இல் அமெரிக்காவில் 500-க்கும் மேற்பட்ட ஐசியூ நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், அதைக் கொடுத்தவர்களுக்கும் வெறும் உப்புநீர் கொடுத்தவர்களுக்கும் டெலிரியம் நீடித்த நாட்களில் வித்தியாசம் இல்லை. அமைதியாகக் கிடப்பவருக்கு அது தேவையே இல்லை.

தனக்கோ மற்றவருக்கோ ஆபத்தாகும் கொந்தளிப்பும் தாங்க முடியாத பயமும்தான் இதற்கான இடங்கள். டாக்டர் எழுதினால், கொடுக்கும் முன் இசிஜி எடுத்து, அதில் க்யூடிசி என்ற இடைவெளியைப் பாருங்கள். 500 மில்லிவிநாடியைத் தாண்டியிருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பொட்டாசியம், மெக்னீசியம் குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். பார்க்கின்சன் நோய் உள்ளவருக்கு ஹாலோபெரிடால் கூடாது. கொந்தளிப்பால் வெண்டிலேட்டரை விடுவிக்க முடியாமல் போகிறவருக்கு டெக்ஸ்மெடெடோமிடின் என்ற மயக்க மருந்து உதவும். பல்ஸும் பிரஷரும் இறங்கும், ஆரம்பத்தில் பக்கத்திலேயே இருங்கள்.

11. ஒப்படைப்பும் வார்டுக்கு அனுப்புவதும்

ஷிஃப்ட் மாறும்போது "இர்ரிடபிளா இருக்காரு" என்று சொல்வதால் பயனில்லை. "ராஸ் +1, காம்-ஐசியூ பாசிட்டிவ், நேத்து ராத்திரியிலிருந்து, சோடியம் 122, அவில் நிறுத்தியாச்சு" என்று சொல்லுங்கள். அடுத்தவர் தேடலை எங்கிருந்து தொடர வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

வார்டுக்கு அனுப்பும்போது எத்தனை நாள் டெலிரியம் இருந்தது என்று எழுதுங்கள். குவிட்டியாபின் போன்ற மாத்திரை தொடங்கியிருந்தால் நிறுத்தும் தேதியையும் டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். எழுதாவிட்டால் ஐசியூவில் மூன்று நாளுக்குத் தொடங்கியது வீட்டில் மூன்று வருடம் ஓடும். டெலிரியம் நீண்டவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் ஞாபகமும் கணக்கும் பின்தங்கலாம் என்பதை 2013-இல் வந்த ஆய்வு காட்டியது. வீட்டாரிடம் இதைப் பயமுறுத்தாமல் சொல்லுங்கள்: மாத்திரையை யாராவது எடுத்துக் கொடுக்கட்டும், பணக் கணக்கில் கூட இருக்கட்டும்.

நோயாளியிடமும் பேசுங்கள். குழப்பத்தில் கண்டது பலருக்கு நிஜம் போலவே நினைவிருக்கும். நர்ஸ் கொல்ல வந்தாள் என்று ஒருவர் மனதுக்குள் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். பூக்கட்டிய அம்மா கிளம்பும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் யாரையாச்சும் திட்டிட்டேனாம்மா?" என்று கேட்டார். ஒரு நாள் இரவு முழுக்க எங்களைத் திட்டியிருந்தார். "ஆமாம்மா, கொஞ்சம் திட்டுனீங்க. அது காய்ச்சல் பேசுனது, நீங்க இல்ல. பூவும் கட்டுனீங்க" என்றேன். எத்தனை முழம் என்று கேட்டார். பூக்கடைக் கணக்கை அடுத்த மூன்று மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ளும்படி மகனிடம் சொல்லி, அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.